தர்மாஸ்பத்திரி

மதுரை கோரிப்பாளையத்தில் நிற்கும் அரசு இராசாசி மருத்துவமனையை மக்கள் 'பெரியாஸ்பத்திரி' என்று அழைக்கின்றனர். முன்பு அது சென்னை மாகாண ஆளுநர் எர்ஸ்கின் பெயரைத் தாங்கியிருந்தது. 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரிக்கு அதுவே பயிற்சிக்களம். மேலூர், உசிலம்பட்டிச் சிற்றூர்களிலிருந்தும், சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், தேனி மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கே வந்து சேர்கின்றனர்.

இத்தகைய அரசு மருத்துவமனைகளுக்கு முதியோர் வழங்கும் மற்றொரு பெயர் உண்டு: தர்மாஸ்பத்திரி. அச்சொல் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தர்மம் என்பதற்கு நம் மொழியில் இரு பொருள். ஒன்று பிச்சை, மற்றொன்று அறம். அங்கே ஏழைக்குக் கிடைக்கும் சிகிச்சை இவற்றுள் எது?

பிச்சை என்றால், பெறுபவர் கேள்வி கேட்க முடியாது. நாளை வா என்றாலும், தரையில் படு என்றாலும், கைகட்டி நிற்க வேண்டும். அறம் என்றால் நிலைமை வேறு, கொடுப்பவரே கடன்பட்டவர். கூலித் தொழிலாளி வாங்கும் சோப்பிலும் துணியிலும் வரி அடங்கியுள்ளது. அவர் கையிலுள்ள ஓ.பி. சீட்டு இரவல் அல்ல.

நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதை உணர்த்தியது. இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் பல, இடமில்லை, வசதியில்லை என்று திருப்பியனுப்பின. உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை தர மறுப்பது உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என 1996-இல் தீர்ப்பாயிற்று. பணமில்லை என்பது அரசுக்குச் சாக்காகாது என்றும் அத்தீர்ப்பு கூறியது.

திருச்சபையின் போதனையும் இதுவே. திருத்தந்தை 23-ஆம் யோவான் 1963-இல் வெளியிட்ட சுற்றுமடலில் மருத்துவ உதவியை மனித உரிமைகளுள் ஒன்றாக வைத்தார். நீதியின்படி தர வேண்டியதை அன்பின் கொடையாக நீட்டலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் எச்சரித்தது.

அப்படியானால் அன்புக்கு இடம் எங்கே என்று சிலர் வினவலாம். நல்ல சமாரியர் உவமையைக் கூர்ந்து நோக்குவோம். சமாரியரைப் போற்றும் நாம் சாவடிக்காரரை மறந்துவிடுகிறோம். அவர் இரண்டு தெனாரியம் பெற்றுக்கொண்டே காயமுற்றவரைக் கவனித்தார். கூலி பெற்றதால் அவரது பணி சிறுமைப்படவில்லை. அச்சாவடி இல்லையேல் சமாரியரின் இரக்கம் வழியிலேயே நின்றிருக்கும். பெரியாஸ்பத்திரி நம் நாட்டின் சாவடி. அங்கே கட்டில்கள் பலவற்றுக்கிடையே ஓயாது நடக்கும் செவிலியரிடம் புன்னகையை மட்டும் எதிர்பார்த்து, அவருக்குத் துணையாக மேலும் ஒருவரை நியமிக்கக் கோராதிருப்பது நேர்மையன்று.

சட்டம் கட்டிலைப் பெற்றுத் தரலாம். மருந்தைப் பெற்றுத் தரலாம். நோயாளியின் பெயரைச் சொல்லி அழைக்கும் கனிவைச் சட்டத்தால் பெற்றுத் தர முடியாது. அங்கேதான் அன்பின் பணி தொடங்குகிறது. ஆயினும் அது நீதிக்கு மேலே எழும்பும் மாடி. நீதியின் இடத்தை அடைக்கும் சுவரன்று.

நம் பங்குகளின் மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் ரொட்டியும் பழமும் ஏந்தி நோயாளிகளைச் சந்திக்கின்றனர். அது நற்செயலே. எனினும் பழத்தைக் கொடுத்தபின் ஒரு கேள்வியும் கேட்போம்: "ஐயா, உங்களுக்குச் சேர வேண்டியது எல்லாம் கிடைத்ததா?" இல்லை என்ற பதில் வருமானால், அவருக்காக அலுவலகப் படியேறுவதும் செபத்தின் தொடர்ச்சியே.