பற்று எது? பரிவு எது?

பற்றை விடுக என்று நாள்தோறும் தம்மம் கேட்கிறோம். அங்ஙனமாயின், கைக்குழந்தையை மார்போடு அணைக்கும் அன்னையும் பற்றில் அழுந்துகிறாளோ? அழும் குழந்தையை அழவிட்டு வளர்த்தால்தான் அது பற்றற்ற வாழ்வுக்குப் பழகுமோ? உபாசகர் இல்லங்களில் எழத்தக்க இவ்வினா எள்ளி நகையாடுதற்குரியதன்று. ஆராய்ந்து விடை காண்பதற்குரியது.

முதற்கண் சொற்பொருளைத் தெளிவோம். மணிமேகலை கூறும் பன்னிரு நிதானங்களுள் வேட்கைக்கு அடுத்து நிற்பது பற்று. 'இது எனது, என் விருப்பப்படியே இருத்தல் வேண்டும்' என வேட்கை முற்றி இறுகிய நிலையே அது. குழந்தை தாயை நாடுவதோ அத்தகையதன்று. நடக்கவும் தன்னைக் காக்கவும் இயலாத ஓர் உயிர், தன்னைக் காப்பாரை நாடும் இயல்பே அது. இவ்வியல்பை விளக்கி இங்கிலாந்து நாட்டு மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1969இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த் அம்மையார், 1954, 1955ஆம் ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டுச் சிற்றூர்களில் வீடுதோறும் சென்று தாய்மாரையும் மகவுகளையும் கவனித்தார். ஆங்கு அவர் கண்டது நம் முற்றங்களில் நாமும் காண்பதே. தவழும் குழந்தை தாயைவிட்டு அகன்று ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்கிறது, திரும்பி நோக்குகிறது, தாய் இருக்கக் கண்டு மேலும் அகல்கிறது, அஞ்சினால் விரைந்து வந்து மடி சேர்கிறது. மீண்டுவர இடமுண்டு என்று அறிந்த குழந்தையே துணிந்து அகல்கிறது. ஆகவே, அழுகுரலுக்கு ஓடிவந்து தேற்றும் தாய் பற்றை வளர்க்கவில்லை, அச்சத்தையே அகற்றுகிறாள்.

பெற்றவளே எந்நேரமும் உடனிருத்தல் வேண்டுமோ எனில், வேண்டா. விடியுமுன் வேலைக்குச் செல்லும் நம் தாய்மாரைப் பழிப்பதற்கு இவ்வாராய்ச்சியைக் கருவியாக்குதல் தவறு. மாயாதேவியார் மகவீன்ற ஏழாம் நாள் மறைந்தார். சிற்றன்னை மகாபிரஜாபதி கோதமியாரே சித்தார்த்தரைப் பாலூட்டி வளர்த்தார். அண்ணல் அம்பேத்கர் ஏறத்தாழ ஐந்து வயதில் அன்னை பீமாபாயை இழந்தார். அவரைப் பேணியவர் அத்தை மீராபாய். குழந்தைக்கு வேண்டுவது, நாள்தோறும் தவறாது வந்து தேற்றும் ஒரு முகம். அது பாட்டியின் முகமாயினும் குறையில்லை. தந்தையின் முகமாயினும் குறையில்லை. தந்தையர் இதனைச் சிந்திப்பாராக.

இனிக் கண்டிப்பைப் பற்றி. 'அடியாத மாடு படியாது' என்பதை இன்றும் சிலர் குழந்தைக்குப் பொருத்துகின்றனர். பிறர் கை ஓங்கக் கண்டு தலைமுறை தலைமுறையாக ஒடுங்கிய மக்கள் நாம். அதே கையை நம் இல்லத்தினுள் நாமே ஓங்கலாமோ? அன்றிச் செல்லம் என்ற பெயரால் கேட்டதெல்லாம் கொடுத்தலும் நன்றன்று. அமெரிக்க உளநூலார் டயானா பாம்ரிண்டு அம்மையார் 1966இல் எழுதிய கட்டுரையில், அடக்கியாளும் வளர்ப்பையும் கட்டற்ற வளர்ப்பையும் விலக்கி, அன்பும் உறுதியும் காரணங் கூறலும் இணைந்த வளர்ப்பையே சிறந்ததெனக் கொண்டார். நமக்கு இந்நடுவழி புதிதன்று.

அபய ராஜகுமாரன் தன் மடியில் குழந்தையோடு அமர்ந்திருந்தபோது, அது கல்லை வாயிலிட்டுக்கொண்டால் என் செய்வாய் எனப் பகவன் வினவினார். குருதி கசியினும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், அதன்பால் எனக்கு இரக்கமுண்டு என்றான் அவன். அக்கை தண்டிக்கும் கையன்று. கல்லை எடுக்கும் கை. கல் வெளிவந்ததும் அதன் வேலை முடிந்தது. இராகுலனுக்குப் பொய்யின் இழிவை உணர்த்தவும் பகவன் கோலை எடுத்தாரில்லை. கலத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டினார். கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு செயலையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் ஆராயப் பணித்தார்.

அங்ஙனமாயின் பெற்றோரிடத்தே உண்மைப் பற்று யாண்டுளது? நமக்கு மறுக்கப்பட்ட கல்வியையும் பதவியையும் மகன் வழியாகவே அடைந்து தீர்வோம் என்னும் பிடிவாதத்தில் உளது. அவன் மதிப்பெண் குறைந்த நாளில் நம் முகம் மாறுமாயின், நாம் நேசித்தது அவனையன்று, நம் கனவையே. கல்வி அளித்தல் நம் கடன். அவன் வாழ்வைக் கைக்கொள்ளுதல் நம் உரிமையன்று.

ஆசாரியர் புத்தகோஷர் விசுத்திமக்கத்தில் நான்கு மக்களையுடைய தாயொருத்தியை உவமை காட்டுகிறார். சிறு மகவு வளர்க என விழைவது மைத்திரி. நோயுற்றவன் நலமுறுக என விழைவது கருணை. இளமை நலமுற்றவன் அதில் நெடிது வாழ்க என மகிழ்வது முதிதை. தன் தொழிலைத் தானே நடத்துவோன்பால் கவலையற்றிருப்பது உபேட்சை. இந்நான்கும் அன்பே, காலத்திற்கேற்ப வடிவு மாறுகின்றன. தொட்டிலில் காட்டவேண்டிய மைத்திரியைக் காட்டாது உபேட்சை காட்டுவோமாயின் அது புறக்கணிப்பு. உபேட்சை காட்டவேண்டிய வயதில் தொட்டிலை ஆட்டுவோமாயின் அதுவே பற்று.

ஆதலின் அழும் குழந்தையை அஞ்சாது வாரி எடுங்கள், தாய்மாரே. அதனால் தம்மம் குறையாது. எடுத்த கையே உரிய காலத்தில் விடவும் கற்குமாயின், அவ்வில்லமே நமக்கு முதல் விகாரை.