பழசாகாத பழசு

'பழசைக் கிளறாதீங்கப்பா' என்பார்கள். எங்க தொப்பம்பட்டிப் பக்கமும் இந்த உபதேசத்துக்குப் பஞ்சமில்லை. சரி, பழசு என்றால் எது?

தாத்தா செத்த துக்கமும் நினைவுதான். சொல்லச் சொல்ல ஆறும், தேதி மறக்கும், கதையாகிவிடும். தீயில் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அது கதையாவதில்லை. கருகல் வாடை வந்தால் போதும், இப்பவே நடக்குது. 2023-இல் அமெரிக்காவின் யேல், மவுண்ட் சினாய் ஆய்வாளர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 28 பேரை அவரவர் கதையையே கேட்கச் செய்து மூளையைப் படமெடுத்தார்கள். துக்கக் கதைகள் ஒத்திருந்தால், நினைவைக் கோர்த்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் இயக்கமும் ஆளுக்கு ஆள் ஒத்திருந்தது. கொடூரத்தைக் கேட்டபோது அந்த ஒப்புமை இல்லை. மூளை அதைச் சாதாரண நினைவாகக் கையாளவில்லை என்றார்கள்.

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். செஷன்ஸ் கோர்ட் தண்டித்த மிராசுதார்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலமும் காரும் உள்ள பெரிய மனுஷர்கள் தாங்களே நடந்துவந்து கொளுத்தியிருப்பார்கள் என்று அதனால் நம்பமுடியவில்லை.

நடந்ததை நடந்தது என்று ஊரும் கோர்ட்டும் ஒத்துக்கொண்டால்தானே அது நடந்து முடிந்ததாகும்? மனசுக்கு வைத்தியம் பார்க்கலாம், பார்க்கவும் வேணும். ஆனால் குற்றத்தையே ஒத்துக்கொள்ளாத சமூகத்துக்கு, வெந்தவளிடம் மறதியைக் கேட்கும் உரிமை கிடையாது. முதலில் அதைப் பழசாக்குங்கள். கிளறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.