அளவுகோலின் அறம்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. எழுத்தில் பொய் புகுந்தால் விரைவில் கண்டுகொள்கிறோம். எண்ணில் புகுந்தால் எளிதில் காண்பதில்லை. அவ்வெண் வரைபடமாகிவிட்டாலோ ஐயுறவே மறந்துவிடுகிறோம். ஒவ்வோர் எண்ணும் மெய்யாக இருக்க, அவற்றைக் கொண்டு வரைந்த படம் பொய்யுரைக்க முடியுமா? முடியும் என்பதே நாம் இங்குச் சிந்திக்க வேண்டிய அறச்சிக்கல்.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழராகிய நமக்கு நெருங்கிய சான்று ஒன்றைக் காண்போம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிவு பெற்றோர் கேரளத்தில் 94 விழுக்காடு. தமிழ்நாட்டில் 80 விழுக்காடு. இவ்விரண்டையும் சுழியிலிருந்து எழும் இரு தூண்களாக வரைந்தால், ஒன்று மற்றதைவிடச் சற்றே உயர்ந்து நிற்கும். அடிக்கோட்டை 75-இல் தொடங்கினாலோ, ஒரு தூணின் உயரம் 19. மற்றதன் உயரம் 5. எண்ணில் மாற்றம் இல்லை; ஆயினும் நம் தாய்நிலத்தின் கல்வி கேரளத்தின் கல்வியில் கால் பங்கு என்றே கண்ணுக்குத் தோன்றும். இங்குப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் அப்படத்தைக் கண்டால் தம்மைப்பற்றி என்ன எண்ணுவர்?

காலத்தை ஒட்டிய கோடுகளும் இவ்வாறு ஏமாற்றக்கூடும். இந்தியாவின் எழுத்தறிவு 1981-இல் 36 விழுக்காடு, 1991-இல் 52 விழுக்காடு என்று கோடிழுத்தால் பத்தாண்டுகளில் பெரும் பாய்ச்சல் தெரியும். ஆனால் முதல் எண் கைக்குழந்தைகள் உட்பட எல்லோரையும் வைத்து வகுத்தது. பின்னது 7 வயதும் அதற்கு மேலும் ஆனோரை மட்டும் வைத்து வகுத்தது. அதே முறையில் வகுத்தால் 1981-க்கு உரிய எண் ஏறத்தாழ 44. பாய்ச்சலில் பாதி, அளவுகோலை மாற்றியதால் வந்தது.

எண்களை ஐயுற்று ஆராயும் பண்புக்கு நம் நகரமே நல்ல சான்று தந்துள்ளது. பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் முன்னின்று உருவாக்கி, உள்ளூரில் அமைந்துள்ள வளர்ச்சி ஆய்வு மையம், 1975-இல் ஐக்கிய நாடுகள் அவைக்காகக் கேரளத்தின் வறுமை நிலையை ஆராய்ந்தது. உணவுச் செலவைப் பற்றிய அட்டவணைகள் கேரள மக்கள் மிகக் குறைவாக உண்பவர் என்ற தோற்றத்தைத் தந்தன. ஆனால் இறப்பு விகிதமோ இங்குத் தாழ்ந்திருந்தது. இம்முரணை ஆய்வாளர்கள் மூடி மறைக்கவில்லை. வீட்டுத் தோட்டத்து மரவள்ளிக்கிழங்கும் தேங்காயும் கணக்கில் முழுமையாக ஏறவில்லையோ என்று வினவினர். அட்டவணையில் இருப்பதைப் படிப்பது கல்வி. அதில் இல்லாததைத் தேடுவது நேர்மை.

அப்படியாயின் எல்லாப் படமும் சுழியிலிருந்தே தொடங்க வேண்டுமோ? வேண்டுவதில்லை. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி சுழியில் தொடங்கினால் நோயை அறிய இயலாது. அங்கே இரண்டு பாகை ஏறினாலும் உடல் வாடுகிறது. அச்சிறு வேறுபாட்டைக் காட்டவே அக்கருவி செய்யப்பட்டது. தூணின் கதை வேறு. அதன் நீளமே அளவு என்று கண் கொள்கிறது. அடியை வெட்டினால் அளவையே வெட்டியதாகும். ஆகவே விதியைக் காட்டிலும் நோக்கமே பெரிது. காண்போர் உண்மையை அறிய வேண்டும் என்று வரைந்தோமா, நாம் விரும்பியதை நம்ப வேண்டும் என்று வரைந்தோமா என்பதே உரைகல். நடுவுநிலைமையை விளக்க வள்ளுவர் துலாக்கோலையே உவமையாகத் தேர்ந்ததன் பொருத்தம் இங்கு விளங்கும்.

இவ்வுரைகல் பிறருக்கு மட்டும் உரியதன்று. அதே 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் 5 லட்சத்துக்குச் சற்று மிகுதி. மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. இரண்டும் ஒரே உண்மை. தமிழ்ப் பள்ளி வேண்டும் என்று கேட்கையில் லட்சத்தைச் சொல்லவும், தேவையில்லை என்பார் விழுக்காட்டைச் சொல்லவும் மனம் விழையும். நாம் இரண்டையும் சேர்த்தே சொல்வோம். நம் கோரிக்கை நியாயமானதாயின், அது சிறிய எண்ணின் முன்னும் நிற்கும். எண்ணை மறைத்துப் பெற்ற இசைவோ, மறைத்தது வெளிப்படும் நாளில் நிலைக்காது.

எந்தப் படத்தைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்ப நம் பிள்ளைகளைப் பழக்குவோம்: அளவு எங்கே தொடங்குகிறது? எத்தனை பேரில் இத்தனை பேர்? கணக்கில் விடுபட்டோர் யார்? சிறுபான்மையாக வாழ்வோர்க்கு மூன்றாம் வினா மிக முதன்மையானது.