குடும்பிமலை உன்னைக் கூப்பிடாது

தம்பி, தங்கச்சி, உனக்குத்தான் சொல்கிறேன். மட்டக்களப்பில் பிறந்து இருபது வயதைத் தாண்டிவிட்டாய். கல்லடிப் பாலத்தில் நின்று எத்தனையோ படம் எடுத்துவிட்டாய். கட்டாரில் இருக்கும் மச்சானிடம் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாய். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களும் முடிந்த இடத்தில், 534 மீற்றர் உயரத்தில் ஒரு மலை நிற்கிறதே, குடும்பிமலை, அதன் அடிவாரத்தையாவது மிதித்திருக்கிறாயா?

"அங்க என்னகா கிடக்கு? காடும் யானையும்தானே!"

இதுதான் உன் பதில். இதே பதிலைத்தான் நீ எல்லாவற்றுக்கும் சொல்கிறாய். உயர்தரத்தில் கணிதம் எடுக்கச் சொன்னால் ஏலாது. சொந்தமாக ஒரு தொழில் தொடங்கச் சொன்னால் ஏலாது. ஒன்றையும் செய்து பார்க்காமலே ஏலாது என்று முடிவெடுக்க உனக்கு யார் பழக்கினார்கள்? மண்டபத்தில் கதிரை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, "உன்னால் முடியும்" என்று கத்தும் கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. கைதட்டிவிட்டு வெளியே வந்து பிளேன்டி குடிக்கும்போதே அந்தச் சூடு ஆறிவிடும். துணிச்சல் வந்த பிறகு புறப்படலாம் என்று இருந்தால் நீ புறப்படவே மாட்டாய். அது வீட்டு வாசலில் வராது. நாலு மைல் நடந்த பிறகுதான் வரும். அதனால்தான் உன்னைக் காட்டுப் பக்கம் போகச் சொல்கிறேன்.

534 மீற்றர் ஒரு மலையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர், பிதுருதலாகல 2,524 மீற்றர். தெரியும். ஆனால் நம் மலை சமவெளியில் இருந்து நேரே எழுகிறது. பாதி உயரம்வரை வாகனத்தில் போய் இறங்கிக்கொண்டு ஏறினேன் என்று சொல்ல இது நுவரெலியா இல்லை. அடியில் இருந்து உன் கால்தான். ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892 இல் ஒரு கணக்குச் சொன்னார்: சமநிலத்தில் மணிக்கு ஐந்து கிலோமீற்றர், ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் மேலதிகமாக ஒரு மணித்தியாலம். அது குளிர்நாட்டுக் கணக்கு. கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதத்தில் அதை இரண்டு மடங்காக்கிக்கொள். அப்போதும் விடிய முன்னம் தொடங்கினால் வெயில் உச்சிக்கு வருமுன் திரும்பிவிடலாம். இதற்கா பயம்?

கிரான் சந்தியில் இருந்து மேற்கே திரும்பி, புலிபாய்ந்தகல் வழியாகப் போகும் பாதை அது. மாரியில் அந்த வீதியை வெள்ளம் மூடிவிடும். அக்கரைச் சனம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் படகில்தான் வந்துபோகும். நீ வீதியில் ஒரு குழியைக் கண்டால் முகநூலில் எழுதுகிறாய். அந்தப் பிள்ளைகள் வெள்ளத்தைத் தாண்டிப் போய்ச் சோதனை எழுதுகிறார்கள். உன்னிலும் இளையவர்கள் அவர்கள்.

வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் மாட்டுக்காரரின் வாடிகள் வரும். இந்த வாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலு காட்டுத்தடி, மேலே கிடுகோ தகரமோ, கீழே ஒரு பாய், மூன்று கல் அடுப்பு, தண்ணீர்க் கலன். இரவில் அணையாமல் புகையும் ஒரு கட்டை. சில இடங்களில் யானைக்காக மரத்தில் பரண். வயலில் விதைப்புத் தொடங்கினால் ஊருக்குள் மாடு நிற்க இடமில்லை. பட்டிகளை ஓட்டிக்கொண்டு மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் போய்விடுவார்கள். பெண்சாதி பிள்ளைகள் ஊரில். இவர்கள் மாதக்கணக்கில் காட்டில். சட்டியில் வரும் தயிரை நீ சீனி போட்டுச் சாப்பிடுகிறாயே, அதன் பின்னால் இந்த வாடிதான் இருக்கிறது. தன்னம்பிக்கை பற்றி ஒரு புத்தகமும் படிக்காத மனிதர் அங்கே இருட்டில் கேட்கும் முறிப்புச் சத்தத்தை வைத்தே அது தனியன் யானையா, கூட்டமா என்று சொல்லிவிடுவார். அவருக்குப் பயம் இல்லை என்றா நினைக்கிறாய்? பயம் இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் அவர் விடிய எழுந்து பால் கறக்கிறார். அந்த மேய்ச்சல்தரை கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தபோது, 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் வந்து உட்கார்ந்தவர்களும் இவர்கள்தான். ஒருநாள் ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு எழுந்து போகவில்லை. மாதங்கள் போயும் இருந்தார்கள். உறுதி என்றால் என்ன என்று பார்க்க உனக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை.

நோர்வேயில் மலைநடைக்காரருக்கென்று 1868 இல் தொடங்கிய சங்கம் ஒன்று இருக்கிறது. ஆளில்லாத மலைகளில் ஐந்நூறுக்கு மேல் குடில்கள். பலவற்றில் காவலரே கிடையாது; உறுப்பினர் திறப்பைக் கொண்டு போய்த் திறந்து, அடுப்பு மூட்டி, அங்கிருக்கும் உணவைச் சமைத்துச் சாப்பிட்டு, கணக்கைத் தானே எழுதிக் காசைச் செலுத்திவிட்டு வருவார். நியூசிலாந்திலும் அரசு பராமரிக்கும் காட்டுக் குடில்கள் தொள்ளாயிரத்துக்கு மேல். அந்த நாட்டுப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே முதுகில் பையைக் கட்டிக்கொண்டு அங்கே போய்ப் பழகுகிறார்கள். "ஆ, வெள்ளைக்காரன்!" என்று வாயைப் பிளக்காதே. உன் அம்மம்மா நடந்த நடை அதற்குக் குறைந்ததா?

ஆடி விழாவுக்குக் கதிர்காமம் போகும் பாதயாத்திரையை நினைத்துப் பார். சிலர் வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இருந்தே நடந்து வருவார்கள். வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் என்று கோயில் கோயிலாகத் தங்கி, உகந்தை மலை முருகனிடம் வந்து சேர்வார்கள். பிறகு காடு. குமண, நாவலடி, வியாழை, கட்டகாமம். கடை இல்லை, கூரை இல்லை. கரடியும் யானையும் சிறுத்தையும் திரியும் காட்டில், ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் அள்ளி, மரத்தடியில் படுத்தெழும்பி நடப்பார்கள். அதில் அறுபது கடந்த பெண்களும் இருப்பார்கள்! தலையில் ஒரு பொட்டலம், வாயில் அரோகரா. காலில் சிலருக்குச் செருப்பும் இல்லை. நீ ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சப்பாத்து வாங்கி, அதை ரியூசனுக்குப் போட்டுக்கொண்டு போகிறாய்.

காரைதீவில் 1892 இல் பிறந்த ஒரு பிள்ளை விஞ்ஞானம் படித்தார், தமிழ் படித்தார், துறவு பூண்டார், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். பிறகு இமயச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்தில் இருந்து ஆங்கில இதழ் நடத்தினார். கடல்மட்டத்து ஊரில் பிறந்தவருக்கு இமயம் அந்நியமாகத் தெரியவில்லை. சுவாமி விபுலானந்தரின் சிலைக்கு மாலை போடும் நாம், அவர் கால்கள் எவ்வளவு தூரம் போயின என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இன்னும் கிட்டிய காலத்துக்கு வா. 2016 மே 21 இல் எவரெஸ்ட் உச்சியில் முதன்முதல் கால்வைத்த இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால, ஒரு பெண். அவரோடு புறப்பட்ட ஜொஹான் பீரிஸ் உச்சிக்குச் சில நூறு மீற்றர் கீழே திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பியவர் முடங்கிப்போகவில்லை, 2018 இல் மறுபடி போய் ஏறினார். திரும்பி வருவது தோல்வி என்று உன் மூளையில் எழுதியவன் யாரோ, அவன் ஒரு மலையும் ஏறாதவன்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஓடு என்று சொல்லவில்லை. யானையோடு வீரம் காட்டுபவன் மடையன். குடும்பிமலை யுத்தம் நடந்த நிலம். 2007 ஜூலையில் இராணுவம் கைப்பற்றியபோது நாடு முழுவதும் அடிபட்ட பெயர் அது. ஆகவே நடந்து பழகிய தடத்தை விட்டு இறங்காதே, கிடக்கும் எந்த இரும்பையும் தொடாதே. மாரியில் போகாதே, ஆனி ஆடியில் போ, பாலைப்பழமும் கிடைக்கும். தனியே போகாதே. போகுமுன் அந்தப் பகுதிக் கிராம உத்தியோகத்தரிடம் சொல். பாறையில் எதுவரை ஏறலாம் என்று அங்கிருப்பவர்கள் சொல்வதைக் கேள். நில் என்றால் நில்.

இந்த மாதச் சம்பளம் வரட்டும், கூட்டாளி லீவு எடுக்கட்டும் என்று தள்ளிப்போடாதே. ஆனி பிறந்ததும் வருகிற முதல் சனிக்கிழமைக்கு மூன்று பேரைச் சேர். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், ஒரு சோற்றுப் பார்சல், ஒரு சாரம், ஒரு டோர்ச். விடியற்காலை முதல் பஸ்ஸில் கிரானில் இறங்கு; இரவு வாடியில் தங்கி, மறுநாள் விடிய முன்னம் ஏறு. கடை திறந்திருந்தால் தேயிலையும் ஒரு கிலோ சீனியும் வாங்கிக்கொள். அது உனக்கில்லை. வாடியில் இருப்பவர் உன்னைக் கண்டதும் முதலில் கேட்பது "சாப்பிட்டயா மனே?" என்றுதான், அந்த மனிதரிடம் வெறுங்கையோடு போய் நிற்காதே.