பார்த்தவர்களும் பார்க்கப்பட்டவர்களும்

அந்நிய நாட்டில் வாழும் கணவனும் மனைவியும் ஓய்வு நாள் கிடைத்தால் கடற்கரைக்குப் போகிறார்கள்; மலை ஏறுகிறார்கள்; ஆற்றில் படகு விடுகிறார்கள்; படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். எஹலியகொடப் பகுதித் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவைத்த குடும்பங்கள் இன்று பல. அந்தப் படங்கள் கைத்தொலைபேசியில் வந்து சேரும்போது ஒரு சாரார் மகிழ்கிறார்கள். "இங்கே லயத்துக் கூரை ஒழுகுது, அங்கே கடல்ல குளிக்கிறாங்களாம்" என்று மறு சாரார் முணுமுணுக்கிறார்கள்.

முணுமுணுப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ஆறு நாள் பிறர் வீட்டிலும் தொழிற்சாலையிலும் உடம்பை வருத்தியவர்கள் ஏழாம் நாள் கடற்காற்று வாங்கினால் அதில் பாவம் ஒன்றும் இல்லை. கடலைக் கடவுள் படைத்தது பணக்காரர் பார்ப்பதற்கு மட்டும் அல்ல. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு மலையேறி, மூச்சு வாங்கி, ஒரே போத்தல் தண்ணீரைப் பகிர்ந்து குடிப்பது குடும்ப வாழ்வுக்கு நல்ல மருந்து. நம் பெற்றோருக்கு அது கிடைக்கவில்லை. விடியுமுன் ஆண் ஒரு வேலைக்கும் பெண் ஒரு வேலைக்குமாகப் பிரிந்து போய், இருட்டிய பின் அடுப்படியில் சந்தித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கைகோத்துக் கடலோரம் நடந்தால் நாம் சந்தோஷப்படவே வேண்டும். செலவுக் கணக்கை அந்தந்தக் குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் செலவைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கடற்கரை ஆளில்லாத இடம் அல்ல. அங்கே வலை இழுப்பவன் இருக்கிறான். கரையில் கருவாடு காயவைப்பவள் இருக்கிறாள். நமக்கு உல்லாசமான இடம் அவர்களுக்கு வேலைத்தலம். ஓர் ஊரைப் பார்த்து மகிழ வந்தவன் அந்த ஊராருக்கு எதில் கடன்பட்டிருக்கிறான்? கடை விலையைக் கொடுத்துவிட்டால் அந்தக் கடன் தீர்ந்ததா?

இந்தக் கேள்வியை எஹலியகொடக்காரர் எளிதில் புரிந்துகொள்வார்கள், ஏனெனில் இங்கே நாம்தான் பார்க்கப்படுகிறவர்கள். கொழும்பிலிருந்து அவிசாவளை தாண்டி இரத்தினபுரி போகும் வீதியில் நம் ஊர் இருக்கிறது. இந்த வழியாகச் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களும், குருவிட்டவில் போபத் எல்ல நீர்வீழ்ச்சிக்குப் போகிறவர்களும் நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும். றப்பர் மரத்தடியில் பால் வெட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணைக் கண்டால் வாகனம் நிற்கும். கமரா வெளியே வரும். ஒரு சிரிப்பு, சில வேளை ஒரு நோட்டு, பிறகு வாகனம் போய்விடும். அந்தப் பெண்ணின் முகம் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் தொங்கக்கூடும். அவள் யார் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இது இன்று நேற்று தொடங்கிய கதை அல்ல. நம் நாட்டுக் கடற்கரையிலும் மலையிலும் வாழ்ந்து மறைந்த ஓர் ஆங்கிலத் தம்பதியரின் வரலாறு இதற்கு நல்ல உதாரணம்.

கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், மனைவி ஜூலியா மார்கரட் கமரன். கமரன் என்ற பெயரை நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பார்கள். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் இரண்டாமவர் இவரே. 1830இல் இலங்கை வந்து நீதித்துறையை ஆராய்ந்தார். அந்த ஆணைக்குழுவின் சிபாரிசுகளின் பயனாகவே மக்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கிய இராஜகாரிய முறை 1832இல் நீங்கியது. 1833இல் நீதிமன்றங்கள் சீர்திருத்தப்பட்டன. இந்த நாட்டின் அழகில் மனத்தைப் பறிகொடுத்த அவர் மலைநாட்டில் நிலமும் வாங்கினார். 1838இல் கல்கத்தாவில் ஜூலியாவை மணந்தார். இருபது வயது வித்தியாசம். 1848இல் இருவரும் இங்கிலாந்து திரும்பினார்கள். பின்னர் வைட் தீவின் கடலோரத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு நம் திம்புளையின் பெயரால் 'டிம்போலா' என்று பெயர் சூட்டினார்கள்.

ஜூலியாவுக்கு நாற்பத்தெட்டு வயதானபோது, 1863 முடிவில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பொழுதுபோக்குக்காகக் கொடுத்தது, அவரை உலகின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர்களுள் ஒருவராக்கிவிட்டது. கவிஞர் டெனிசன், விஞ்ஞானி டார்வின், வானியலாளர் ஹேர்ஷல் ஆகியோரை அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. கத்தோலிக்க வாசகருக்கு இன்னொரு செய்தி. தேவமாதாவைச் சித்திரிக்கும் படங்கள் பலவற்றை அவர் எடுத்தார். அவற்றுக்கு மாதாவாக நின்றவள் சீமாட்டி ஒருத்தி அல்ல. மேரி ஹில்லியர் என்னும் அவர் வீட்டு வேலைக்காரப் பெண். ஊரார் அவளை 'மேரி மடோனா' என்றே அழைத்தார்களாம். அந்த வேலைக்காரியின் பெயரும் முகமும் இன்று வரை ஒன்றாக நிலைத்திருக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1875இல் தம்பதியர் இலங்கைக்கே வந்து குடியேறினார்கள். அப்போது கணவருக்கு எண்பது வயது, மனைவிக்கு அறுபது. கூடவே ஒரு பசுவையும், தங்களுக்கென இரண்டு சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றி வந்தார்கள் என்ற கதை அவர்கள் குடும்பத்தில் வழங்கி வந்தது. எண்பது வயதில் இப்படிப் பெட்டியோடு புறப்படும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்! பிள்ளைகள் சிலர் இங்கே இருந்தார்கள்; கையில் பணமும் குறைந்திருந்தது; கிழவருக்கோ இலங்கையைத் தவிர வேறு நினைவில்லை. களுத்துறைக் கடலோரத்தில் ஒரு வீடு, மலையில் தோட்டங்கள், இரண்டுக்கும் இடையே பிரயாணம் என்று அவர்களது கடைசி ஆண்டுகள் கழிந்தன. இரத்தினபுரியைத் தொட்டு ஓடும் களுகங்கை கடலில் விழுவது அந்தக் களுத்துறையில்தான். ரயிலும் நல்ல வீதியும் வருமுன் நம் பகுதிச் சரக்கு படகேறி அங்கேதான் போயிற்று.

அங்கேயும் ஜூலியா கமராவை விடவில்லை. அந்நாளைய புகைப்பட வேலை இலேசானதல்ல. கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். எங்கள் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அது பெரும்பாடு. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை சுமார் முப்பது படங்களுக்குள்தான். 1877இல் அங்கு சென்ற ஓவியர் மரியான் நோர்த் அம்மையார் அந்த வீட்டைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். விருந்தாளியான அவரையே சால்வையால் போர்த்தி, நடுப்பகல் வெயிலில், தலையில் தென்னோலை குத்தக் குத்த நிறுத்திவைத்துப் படம் எடுத்தாராம் ஜூலியா. ஒரு சிங்கள மனிதரின் முதுகின் வடிவம் மிக அழகாக இருந்ததால் அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டிலோ தோட்டமே இல்லையாம்! படிக்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மனிதரின் முதுகு நமக்குத் தெரியும், பெயர் தெரியாது.

எஞ்சிய படங்களில் தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் நிற்கிறார்கள். அவற்றுள் ஒன்றின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு'. அவ்வளவுதான். மரியான் நோர்த் படத்துக்குப் பெயர் உண்டு. டார்வின் படத்துக்குப் பெயர் உண்டு. மேரி ஹில்லியருக்கும் உண்டு. இங்கே நின்றவர்களுக்கு மட்டும் இல்லை.

அவர்கள் யார்? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டிய காலம் அது. கடலைக் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த ஆயிரமாயிரம் தம்பதியரை நினைத்துப் பாருங்கள். அவர்களும் கடலைப் பார்த்தவர்களே; காட்டில் இரவு தங்கியவர்களே; மலை ஏறியவர்களே. ஆனால் அதை யாரும் சாகசப் பிரயாணம் என்று எழுதவில்லை. வாந்திபேதியில் மனைவியை வழியில் புதைத்துவிட்டு மேலே நடந்தவனுக்கும், கணவனை விட்டுவிட்டு நடந்தவளுக்கும் பிரயாண நூல் எழுத ஏது நேரம்? அவர்கள் வந்து சேர்ந்த மலையில் 1869 முதலே கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பிடித்து அரித்துக்கொண்டிருந்தது. ஒரே ஆண்டுகள், ஒரே தீவு. ஒரு தம்பதியர் சவப்பெட்டியைக் கூடவே கொண்டுவந்தார்கள். மற்றவர்களுக்குப் பாய்தான் பெட்டி.

ஜூலியா அம்மையாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் முயலவில்லை. அவர் இரக்கமற்றவர் அல்லர். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: பிற்காலத்தில் தபாலட்டைக்காக எடுத்த படங்களைப் போல அவை நம்மவர்களைக் காட்சிப் பொருளாகக் காட்டவில்லை. அந்த முகங்களில் ஒரு கம்பீரம் இருக்கிறது. அது மட்டுமல்ல. அவர் களுத்துறையில் கமராவை மூடி வைத்திருந்தால், அந்நாளைய தோட்டத்து மக்களின் முகங்களில் இத்தனையாவது நமக்கு மிஞ்சியிருக்குமா? நம் வீட்டுச் சுவரில் நான்கு தலைமுறைக்கு முந்திய பாட்டியின் படம் இல்லை. உலகத்துக் கண்காட்சிச் சாலைகளில் அவளைப் போன்ற ஒருத்தியின் படமாவது இருக்கிறது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நன்றி சொன்ன பிறகும் கேள்வி அப்படியே நிற்கிறது: பெயரைக் கேட்க என்ன தடை?

பாஷை தெரியாது என்பார்கள். "பேர் என்ன?" இரண்டே வார்த்தை. கங்காணியைக் கேட்டால் சொல்லியிருப்பான். தோட்டத்தில் ஒவ்வொரு ஆளின் பெயரும் செக்ரோலில் எழுதப்பட்டது. ஆள் எண்ணவும் சம்பளம் வெட்டவும் பெயர் தேவைப்பட்டது. படத்துக்கு மட்டும் தேவைப்படவில்லை. காலம் அப்படி என்பார்கள். அதே காலத்தில், அதே அம்மையார், சொந்த நாட்டில் தம் வேலைக்காரியின் பெயரை மறக்கவில்லையே! ஆகவே இது காலத்தின் குறை மட்டுமல்ல. தூர தேசத்துக்குப் போனதும் மனிதனுடைய கண்ணில் ஒரு மாற்றம் ஏற்படுகிறது. மலை, கடல், தென்னை என்று ஒவ்வொன்றையும் ரசித்து வரும்போது, அந்த வரிசையிலேயே அங்கே நிற்கும் மனிதனையும் சேர்த்துவிடுகிறோம். இதில் பகை இல்லை, வெறுப்பு இல்லை, மகிழ்ச்சிதான் இருக்கிறது. அதனாலேயே மனச்சாட்சி உறுத்துவதும் இல்லை.

ஜூலியா 1879 ஜனவரி 26ஆந் திகதி டிக்கோயாப் பகுதியில் கிளென்கெர்ன் தோட்டத்தில் இறந்தார். மறு ஆண்டு கணவரும் இறந்தார். பொகவந்தலாவையில் புனித மரியாள் அங்கிலிக்கன் ஆலய வளவில் இருவரும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் இன்றும் அவர்களுடைய பெயரைச் சொல்லிக் கல்லறையைத் தேடுகிறார்கள். சுற்றியுள்ள மலைகளில் தேயிலைக்கு நடுவே புதைக்கப்பட்டவர்களைத் தேடி எவர் போக முடியும்?

நம் வெளிநாட்டுப் பிள்ளைகளின் படங்களுக்கு இப்போது வருவோம். கூலி வேலைக்குப் போனவர்களையும் துரைமாரையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அரபு நாட்டில் நம் மகளையே பெயர் சொல்லி அழைக்காத வீடுகள் உண்டு. அவள் அங்கே பார்க்கப்படவும் இல்லை. சுவரைப் போல இருக்கிறாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை கணவனோடு கடற்கரையில் நிற்கும் இரண்டு மணி நேரம் அவளும் பிரயாணிதான். அந்த இரண்டு மணி நேரத்தில் அவளுக்குப் பின்னால் படகைக் கழுவிக்கொண்டு படத்தில் விழுந்த கிழவர் வங்காளியா, கேரளத்தவரா, அவர் ஊரில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருப்பாளா? பெயரிழந்து வேலை செய்பவளுக்கு அந்தக் கேள்வியின் அருமை மற்றவரைவிட நன்றாகத் தெரியும் என்றே நான் நம்புகிறேன்.

வெளிநாடு போகாதவர்களும் தப்ப முடியாது. நம் தோட்டங்களிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் கடலைப் பார்ப்பது பெரும்பாலும் தலவில புனித அன்னம்மாள் யாத்திரையில்தான். ஆகஸ்ட் திருவிழாவுக்கு வான் பிடித்து, சட்டி பானையோடு போய், மணலில் துணிக்கூடாரம் அடித்து, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் கடலில் முங்கி எழுந்து, கருவாடு வாங்கித் திரும்புகிறோம். வருஷத்துக்கு ஒரு முறை வரும் அந்த ஆனந்தத்தை யாரும் குறை சொல்ல வேண்டாம். கற்பிட்டிக் கரையோரமெல்லாம் மீனவர்களின் வாடிகள். நாம் தண்ணீர் அள்ளும் கிணறு யாருடையது? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது இரவில் வெந்நீர் வைத்துக் கொடுத்த வாடிக்காரப் பெண்ணின் பெயர் என்ன? நான்கைந்து ஆண்டுகளாக ஒரே இடத்தில் கூடாரம் அடிக்கும் குடும்பங்களில் எத்தனை பேர் இதற்குப் பதில் சொல்வோம்?