அலைக்கு யார் பொறுப்பு?

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே கடலடியில் பூமி நழுவியது. சில மணி நேரத்தில் பாகூர் பக்கத்துப் பனித்திட்டுக்குள் கடல் புகுந்தது. இதில் கடவுள் எங்கே?

அன்று வேளாங்கண்ணி ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, அற்புதம் என்றார்கள். சரி, வெளியே கடற்கரையில் செத்த நூற்றுக்கணக்கான பக்தர்கள்? அவர்களும் மாதாவை நம்பி வந்தவர்கள்தானே! 1755-ல் லிஸ்பன் பூகம்பம் வந்ததும் சகல புனிதர்கள் திருநாளன்றுதான். பிரார்த்தித்தவர்கள் மேலேயே தேவாலயங்கள் இடிந்தன.

பிழைத்ததற்கு பக்தி காரணம் என்றால், செத்தவனைக் குற்றவாளியாக்க வேண்டிவரும். அதைவிடக் கொடுமை உண்டா? காரணம் சொல்லும் வேலையை விஞ்ஞானத்திடம் விட்டுவிடலாம். 2007 முதல் ஹைதராபாத்தில் ஒரு மையம் சுனாமி எச்சரிக்கை தருகிறது.

ஆனால், பிள்ளையைப் பறித்த அதே கடலில் மறுபடி படகைத் தள்ளத் தெம்பு வேணுமே, அதை எந்த மையம் தரும்? அங்கே ஒருத்தர் கும்பிட்டுவிட்டுப் போனால், தர்க்கம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடலாம். தப்பில்லை.