கூட வரும் கோடு

சேலத்துக் கடையொன்றில் என் அக்கா மகன் முழங்கையில் கெல்டிக் முடிச்சைக் குத்திக்கொண்டு வந்தான். "ஆரம்பமும் முடிவும் இல்லாத கோடு மாமா, நித்தியத்தைக் குறிக்கும்" என்றான்.

கி.பி. 800-ஐ ஒட்டி உருவாகி, இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் நூலில் இத்தகைய பின்னல்கள் ஏராளம். ஆனால் அவற்றை வரைந்த துறவிகள் எழுதிவைத்த விளக்கம் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. நித்தியம் பிற்காலத்தார் ஏற்றிய பொருள்.

என் அம்மாவின் அம்மாவான இராசிபுரத்து அம்மிச்சியின் கையிலும் புள்ளிகளைச் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்திலேயே சேரும் சிக்குக் கோலம் உண்டு. விளக்குக் கரியைத் தொட்டு ஊசியால் குத்திய பச்சை. வாசல் கோலத்தையும் பச்சைக்குத்தையும் சேர்த்து ஆராய்ந்து ஜான் லேயார்டு 1937-இல் கட்டுரை எழுதியிருக்கிறார்.

அர்த்தம் கேட்டால் அம்மிச்சி சொல்வார்: "நகைநட்டெல்லாம் கழட்டிப்புடுவாங்க கண்ணு, இதுதான் கூட வரும்."

எங்கே வரும்? சிதையில் தோலும்தானே எரிகிறது? அது அவருக்கும் தெரியும். நிலமோ பத்திரமோ தன் பேரில் இல்லாத பெண், உயிரோடு இருக்கும்வரை யாரும் பிடுங்க முடியாத ஒன்றைத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். மறுமையைப் பற்றிய பேச்சுக்குள் இம்மையின் கணக்கு இருந்தது.

நித்தியத்துக்கு அவர் வேறு வழி வைத்திருந்தார். மிதிபட்டு அழியும் என்று தெரிந்தே விடியற்காலையில் வாசலில் கோலம் போடுவார். அழியாத கோட்டைவிட, அழிந்ததை மறுபடி போடும் கையே எனக்கு நித்தியத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறது.